படிகாரமும் அலுமினியம்தான்

நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் கேட்டால், கடைக்காரர் டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு கட்டியை எடுத்து, நிறுத்து, பழைய செய்தித்தாளில் மடித்துக் கொடுப்பார். அதே கல்லை உருண்டையாக இழைத்து, மெருகேற்றி, பிளாஸ்டிக் குப்பியில் செருகி, அக்குளில் தேய்க்கும் டியோடரண்ட் என்று பெயரிட்டு, பச்சை இலைப் படம் போட்ட அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிட்டால் விலை பல மடங்கு ஏறிவிடுகிறது. பெட்டியின் முகப்பில் 'இயற்கையானது' என்று இருக்கும். சில பெட்டிகளில் 'அலுமினியம் குளோரோஹைட்ரேட் இல்லை' என்றும் இருக்கும். அதில் பொய் எதுவும் இல்லை. ரோல்-ஆன்களில் வழக்கமாக இருக்கும் அலுமினிய உப்பான குளோரோஹைட்ரேட் இதில் இல்லைதான். ஆனால் படிகாரம் என்பது பொட்டாசியம் அலுமினியம் சல்பேட். அதன் எடையில் ஏறக்குறைய 6 சதவீதம் அலுமினியம்.

இப்படியொரு பெட்டியின் படத்தை அண்ணி எனக்கு அனுப்பியிருந்தார். கூடவே தொலைபேசியிலும் அழைத்தார்.

"தம்பி, நீங்கள் அக்குளில் பூசுகிறீர்களே, அதை முதலில் நிறுத்துங்கள். இதை வாங்குங்கள். இதில் அலுமினியம் கிடையாது."

"அண்ணி, உங்கள் வீட்டு வாசலில் திருஷ்டிக்குக் கறுப்புக் கயிற்றில் ஒன்று தொங்குகிறதே, அதுதான் இது."

"அது படிகாரம் அல்லவா?"

"இதுவும் படிகாரம்தான்."

சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்படியானால் புற்றுநோய் வரும் என்கிறார்களே, அது?" என்றார். கேள்வி நியாயமானது. புறநகர் ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வேலைக்குப் போகிற, சட்டையின் இரு பக்கமும் ஈர வட்டங்களோடு இறங்குகிற எனக்கு இந்த விஷயத்தில் சொந்த அக்கறையும் உண்டு. ஆகவே விரிவாகவே எழுதிவிடலாம்.

வியர்வைக்கென்று தனியாக நாற்றம் கிடையாது. நம் உடம்பு முழுவதும் 20 முதல் 40 லட்சம் வரை இருக்கும் எக்ரைன் சுரப்பிகள் உப்புத் தண்ணீரைத்தான் வெளியிடுகின்றன. உடம்பைக் குளிர்விப்பது அவற்றின் வேலை. அக்குளில் இவற்றோடு அபோக்ரைன் என்ற இன்னொரு வகைச் சுரப்பியும் இருக்கிறது. பருவ வயதில் விழித்துக்கொள்கிற இது, கொழுப்பும் புரதமும் கலந்த சற்றே கெட்டியான திரவத்தைச் சுரக்கிறது. அதையும் மணமற்றது என்றே சொல்லலாம். அக்குளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை உடைத்துத் தின்று மிச்சம் வைப்பதுதான் மூக்கைத் துளைக்கிறது. கொரியா, சீனா, ஜப்பான் மக்களில் பெரும்பாலோருக்கு ஏபிசிசி11 என்ற மரபணுவில் இருக்கும் ஒரு மாற்றத்தால் அக்குள் நாற்றம் மிகக் குறைவு. அந்தப் பாக்கியம் நமக்கு வாய்க்கவில்லை.

ஆக, நாற்றத்தைத் தடுக்க இரண்டு வழிகள். பாக்டீரியாவைக் கொன்று, மேலே வாசனையைத் தெளிப்பது ஒன்று. டியோடரண்ட் செய்வது இதைத்தான். நம் ஊர்க் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் ஸ்பிரே குப்பிகளில் பெரும்பாலானவை இந்த வகை. குப்பியின் பின்பக்கத்தைப் படித்தால் ஆல்கஹால், வாசனைத் திரவியம், உந்துவாயு என்று இருக்கும். விளம்பரத்தில் ஒருவன் அதைப் பீய்ச்சிக்கொண்டதும் ஊரே திரும்பிப் பார்க்கிறது. ஆனால் சட்டை நனைவதை அது ஒரு சொட்டுக்கூடக் குறைக்காது. இரண்டாவது வழி, வியர்வையை வெளியே வரவிடாமல் செய்வது. இதற்குத்தான் அலுமினிய உப்புகள். பெரும்பாலான ரோல்-ஆன்களில் பொடி எழுத்தில் 'அலுமினியம் குளோரோஹைட்ரேட்' என்ற பெயர் முதல் சில பொருள்களுக்குள் இருக்கும். இரண்டையும் 'டியோ' என்ற ஒரே பெயரில் வாங்கிக்கொண்டு, "ஒன்றும் வேலை செய்யவில்லை" என்று அலுத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

அலுமினியம் அங்கே என்ன செய்கிறது என்பதைச் சமையலறையிலேயே பார்த்துவிடலாம். ஒரு கிண்ணத்தில் முட்டையின் வெள்ளைக்கருவை ஊற்றி, படிகாரத்தைப் பொடித்துப் போட்டுக் கலக்குங்கள். கலக்கக் கலக்க, கண்ணாடிபோல் வழுவழுவென்று இருந்தது வெளுக்கும். பிறகு திரியும். கடைசியில் கரண்டியில் அள்ளக்கூடிய கட்டியாகிவிடும். அடுப்பைத் தொடவே இல்லை, ஆனாலும் புரதம் உறைந்துவிட்டது. சலூனில் சவரம் முடிந்ததும் படிகாரக் கல்லை நனைத்துத் தாடையில் தேய்ப்பார்களே, அப்போது கீறலில் இரத்தம் நிற்பதும் இதே காரணத்தால்தான். கலங்கிய குடத்துத் தண்ணீரில் படிகாரத்தைச் சுற்றினால் மண் அடியில் தங்குவதிலும் அலுமினியத்தின் இன்னொரு குணம் சேர்ந்து வேலை செய்கிறது. அமிலத்தில் கரைந்தே இருக்கும் அலுமினியம், அமிலம் தணிந்ததும் அலுமினியம் ஹைட்ராக்சைடு என்ற கூழாக மாறி, சுற்றியிருப்பதையெல்லாம் பிடித்துக்கொள்ளும்.

அக்குளில் நடப்பது இந்த இரண்டும்தான். ரோல்-ஆனில் இருக்கும் திரவம் அமிலத் தன்மை உடையது. அது வியர்வைக் குழாயின் வாய்க்குள் கொஞ்சம் இறங்குகிறது. அங்கே இருக்கும் வியர்வை அந்த அமிலத்தைத் தணிக்கிறது. அலுமினியம் கூழாகிறது, வியர்வையில் இருக்கும் புரதங்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு சிறு தக்கையாக இறுகுகிறது. இந்தத் தக்கை உட்காரும் இடம் தோலின் மேலோட்டமான பகுதி. அங்கே இருப்பவை உதிரக் காத்திருக்கும் இறந்த செல்கள்தான். சில நாட்களில் அந்தச் செல்கள் உதிரும்போது தக்கையும் சேர்ந்து போய்விடும். குழாய் பழையபடி திறந்துகொள்ளும். சுரப்பிக்குச் சேதமில்லை.

எப்போது பூச வேண்டும் என்பதற்கான விடையும் இதிலேயே இருக்கிறது. சித்திரை மாதக் காலையில் குளித்துவிட்டு, துடைத்தும் துடைக்காமலும், ஏற்கெனவே வியர்க்கத் தொடங்கிவிட்ட அக்குளில் பூசினால் உப்பு குழாய்க்குள் இறங்குவதற்குள் வியர்வை அதை வெளியே தள்ளிவிடும். மீதி சட்டைக்குத்தான். இரவில் வியர்வை குறைவு. நன்றாகத் துடைத்து, காயவிட்டு, படுக்கும் முன் பூசினால் தக்கை உருவாக நேரம் கிடைக்கிறது. காலையில் குளித்தாலும் அது போகாது, ஏனென்றால் அது குழாய்க்குள் இருக்கிறது. தோல் மருத்துவர் என்னிடம் இதைச் சொன்னபோது, இவ்வளவு எளிய விஷயத்தைக் குப்பியில் ஏன் பெரிதாக அச்சிடுவதில்லை என்று கேட்டேன். "காலையில் பூசிப் பலன் இல்லாவிட்டால் நீங்கள் மத்தியானமும் பூசுவீர்கள் அல்லவா?" என்று சிரித்தார்.

பலன் என்று சொல்வதும் எவ்வளவு? அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2003இல் இறுதி செய்த விதிகளின்படி, பயன்படுத்துகிறவர்களில் பாதிப் பேருக்காவது வியர்வையை 20 சதவீதமாவது குறைத்தால்தான் ஒரு பொருளை வியர்வைத் தடுப்பான் என்று விற்கலாம். 30 சதவீதம் குறைத்தால் 'கூடுதல் திறன்' என்று போட்டுக்கொள்ளலாம். நூற்றில் இருபது குறைந்தால் போதும் என்பதுதான் சட்டம் வைத்திருக்கும் வாசல்படி. விளம்பரத்தில் சருகாய் உலர்ந்த சட்டையோடு ஓடுகிறவரை நினைத்துக்கொண்டு வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அதே விதிகள் அளவுக்கும் உச்சவரம்பு வைக்கின்றன: அலுமினியம் குளோரைடு 15 சதவீதம் வரை, குளோரோஹைட்ரேட் 25 சதவீதம் வரை, அலுமினியத்தோடு சிர்கோனியம் என்ற உலோகத்தின் உப்பும் சேர்ந்த கலவைகள் 20 சதவீதம் வரை. அனுமதித்த பொருள்களின் பட்டியலில் நம் படிகாரம் இல்லை. படிகாரம் தோலைச் சுருக்கும், பாக்டீரியாவை அடக்கும், அதனால் நாற்றம் குறையும். வியர்வையை நிறுத்துவதில் அது பலவீனமானது. நாற்றம் மட்டும்தான் பிரச்சினை என்றால் மருந்துக் கடைக் கட்டியே போதும், தாராளமாகத் தேய்த்துக்கொள்ளலாம். பளபளப்பான குப்பிக்குக் காசு கொடுப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

இந்த உப்புகள் அக்குளுக்கு வந்து சேர்ந்த கதை சுவையானது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தில் ஒரு மருத்துவர், அறுவைச் சிகிச்சையின்போது கை வியர்க்காமல் இருக்க அலுமினியம் குளோரைடு கலந்த திரவம் ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தார். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகள் எட்னா மர்ஃபி அதை அக்குளில் பூசிப் பார்த்தார். வேலை செய்தது. 'ஓடோரோனோ' என்று பெயர் வைத்து விற்கத் தொடங்கினார். 1912இல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த கோடைக்காலக் கண்காட்சியில் கடை போட்டார். முதலில் போணியாகவில்லை. வெயில் ஏற ஏற விற்பனையும் ஏறியது.

பிறகு ஜேம்ஸ் வெப் யங் என்ற விளம்பரக்காரர் வந்தார். வியர்வை ஒரு நோய் என்பதுபோல முதலில் எழுதிப் பார்த்தார். 1919இல் வழியை மாற்றினார். பெண்களே, உங்களுக்குத் தெரியாமலே உங்கள்மேல் நாற்றம் அடிக்கலாம், அதை யாரும் உங்கள் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள் என்று ஒரு பெண்கள் பத்திரிகையில் விளம்பரம் போட்டார். கொதித்துப்போன வாசகிகள் சுமார் 200 பேர் அந்தப் பத்திரிகையின் சந்தாவையே நிறுத்தினார்கள். விற்பனையோ அடுத்த ஆண்டில் இரு மடங்குக்கும் மேலானது. அக்குளைப் பற்றிய வெட்கம் ஒரு விளம்பர நிறுவனத்தின் மேசையில் தயாரானது என்பதை நினைத்தால் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது, இரவில் மறக்காமல் ரோல்-ஆனைத் தேடுகிறவன் என்றபோதிலும்.

அந்தப் பழைய ஓடோரோனோ பொல்லாதது. சிவப்பு நிறம். காய்வதற்கு நெடுநேரம் பிடிக்கும். தோல் எரியும், துணி பொத்துப்போகும். காரணம், அலுமினியம் குளோரைடு தண்ணீரோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகும். 1940களில் அமிலத்தை முக்கால்வாசி தணித்து வைத்த குளோரோஹைட்ரேட் வந்த பிறகுதான் இது அன்றாடப் பொருளானது. 1952இல், பால்பாயின்ட் பேனாவின் முனையில் உருளும் குண்டைப் பார்த்து ரோல்-ஆன் குப்பியை உருவாக்கினார்கள்.

இந்த வரலாற்றைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அலுமினிய உப்பால் தோலுக்கு வரும் தொல்லை இன்றும் அதே அமிலத்தால்தான். வியர்வை மிக அதிகமாக இருப்பவர்களுக்கு மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் 20 சதவீத அலுமினியம் குளோரைடு கரைசலை ஈரத் தோலில் பூசினால் சுரீரென்று எரியும். சவரம் செய்த அன்று பூசினால் கேட்கவே வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒவ்வொன்றும் தன் இருப்பைத் தெரிவிக்கும். தோல் உலர்ந்திருக்க வேண்டும், சவரத்துக்குப் பிறகு ஓர் இரவாவது இடைவெளி வேண்டும், காலையில் கழுவிவிட வேண்டும். சில நாட்கள் தொடர்ந்து பூசிப் பலன் தெரிந்ததும் வாரத்துக்கு ஓரிரு முறையாகக் குறைத்துக்கொள்ளலாம். எரிச்சல் குறைய இதைவிட நல்ல வழி இல்லை.

அரிப்பும் சிவப்புத் தடிப்பும் வந்தால் எல்லாரும் அலுமினியத்தைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். அலுமினிய ஒவ்வாமை அரிது. அக்குள் பூச்சுகளால் வரும் ஒவ்வாமையில் முதல் குற்றவாளி வாசனைத் திரவியம். தோல் மருத்துவர்கள் தடிப்பு எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள். அக்குளின் குழிந்த நடுப்பகுதியில் இருந்தால் பூச்சு காரணமாக இருக்கலாம். நடுப்பகுதி தெளிவாக இருந்து, சுற்றியுள்ள ஓரங்களில் மட்டும் இருந்தால் சட்டைத் துணியின் சாயத்தைச் சந்தேகிப்பார்கள். 'இயற்கை' என்று விற்கும் பசைகள் சிலவற்றில் சோடா உப்பு இருக்கிறது. தோல் இயல்பாகவே சற்று அமிலத் தன்மை உடையது. காரமான சோடா உப்பைத் தினமும் தேய்த்தால் அது வறண்டு புண்ணாவதில் வியப்பில்லை. அக்குள் கறுப்பதற்கும் உடனே குப்பியைக் குறை சொல்ல வேண்டாம். எரிச்சல் நாள்பட்டால் கறுக்கும், உண்மைதான். ஆனால் கழுத்தின் பின்பக்கமும் சேர்ந்து வெல்வெட் துணிபோலக் கறுத்துத் தடித்தால் அது இன்சுலின் எதிர்ப்பின் அடையாளமாக இருக்கலாம். நம்மிடையே சர்க்கரை நோய் இருக்கும் இருப்பில், ரோல்-ஆனை மாற்றிக்கொண்டிருப்பதைவிட இரத்தத்தைப் பரிசோதித்துவிடுவது நல்லது.

இனி, அண்ணியின் கேள்வி. அதைக் கேட்பவர்கள் எல்லாரும் சொல்லும் முதல் காரணம்: வியர்வை வழியாக வெளியேற வேண்டிய நச்சுகள் உள்ளேயே தங்கிப் புற்றுநோய் ஆகிவிடும் என்பது. உடம்பின் கழிவுகளை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். வியர்வை தண்ணீரும் உப்பும்தான், கொசுறாக யூரியா போன்ற ஓரிரண்டு. அக்குளை முழுக்க அடைத்தாலும் உடம்பின் மற்ற பரப்பெல்லாம் திறந்தே இருக்கிறது.

இரண்டாவது காரணம் கொஞ்சம் கனமானது. அலுமினியம் தோல் வழியாக உள்ளே போகிறதா? 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இயற்கையில் கிட்டத்தட்ட இல்லாத அலுமினியம்-26 என்ற ஐசோடோப்பை, அதாவது அலுமினியத்தின் ஓர் அரிய அணு வகையைச் சேர்த்த குளோரோஹைட்ரேட்டை ஓர் ஆண், ஒரு பெண் இருவரின் அக்குளில் ஒருமுறை பூசி, பல வாரங்கள் சிறுநீரைச் சேகரித்து அளந்தார்கள். உள்ளே போனது பூசியதில் 0.012 சதவீதம். இரண்டே பேரை வைத்து என்ன முடிவு செய்வது என்று நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டும். பின்னர் இன்னும் பலரை வைத்து, மேலும் கவனமாகச் செய்த ஆய்வில் கிடைத்த எண் அதைவிடச் சிறியது: 0.00052 சதவீதம். அதை வைத்துத்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்புக்கான அறிவியல் குழு 2020இல் தன் கருத்தைச் சொன்னது. ஸ்பிரே அல்லாத பூச்சுகளில் அலுமினியமாகக் கணக்கிட்டு 6.25 சதவீதம் வரையும், ஸ்பிரேக்களில் 10.60 சதவீதம் வரையும் இருந்தால் பாதுகாப்பானது என்றது. 2014இல் எச்சரிக்கை விடுத்திருந்த ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனமும் 2020இல் தன் நிலையை மாற்றிக்கொண்டது.

உணவில் அலுமினியம் எப்போதும் இருக்கிறது. அதில் குடல் உறிஞ்சுவது ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலும், அக்குள் உறிஞ்சுவதைவிட அது எவ்வளவோ அதிகம். அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பைக் கொதிக்கவைத்து, இரவு முழுவதும் அதிலேயே வைத்துவிட்டு, ரோல்-ஆனுக்குப் பயப்படுகிற வீடுகள் உண்டு. புளியும் தக்காளியும் பாத்திரத்தை நன்றாகவே அரிக்கும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் மருந்துகள் பலவற்றில் இருப்பது அலுமினியம் ஹைட்ராக்சைடு. அக்குளில் தக்கையாக இறுகுகிறதே, அதே பொருள். அதைக் கரண்டிக் கணக்கில் குடிக்கிறோம்.

அதற்காக அலுமினியம் ஒன்றுமே செய்யாது என்று சொல்லிவிட முடியாது. 1970களில் டயாலிசிஸ் நோயாளிகள் சிலருக்குப் பேச்சுக் குழறி, நினைவு தப்பி, வலிப்பு வந்து உயிர் போனது. 1976இல் அமெரிக்காவின் டென்வர் நகரத்து மருத்துவர் ஆல்ஃபிரியும் அவருடைய குழுவினரும், அவர்களின் மூளையில் அலுமினியம் சேர்ந்திருப்பதைக் காட்டினார்கள். டயாலிசிஸ் தண்ணீரிலும், அவர்கள் உட்கொண்ட அலுமினிய மருந்துகளிலும் இருந்து வந்தது அது. வெளியேற்ற வேண்டிய சிறுநீரகம் செயலிழந்திருந்ததால் தங்கிவிட்டது. அமெரிக்காவில் வியர்வைத் தடுப்பான் குப்பிகளில் 'சிறுநீரக நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் பயன்படுத்தவும்' என்ற வரி கட்டாயமானது இந்தப் பின்னணியில்தான். அண்ணி அனுப்பிய எந்தச் செய்தியிலும் இது இல்லை. உண்மையில் கவனிக்க வேண்டிய எச்சரிக்கை இதுதான். அதேபோல, சிர்கோனியம் கலந்த ஸ்பிரேக்களை மூச்சில் இழுத்தால் நுரையீரலில் கட்டிகள் உண்டாகலாம் என்று 1977இல் அமெரிக்கா அவற்றைத் தடை செய்தது. பூசுவதற்குத் தடையில்லை. பொருள் எது என்பதோடு எந்த வழியாக உள்ளே போகிறது என்பதையும் பார்த்தார்கள்.

அலுமினியத்தால் அல்சைமர் என்ற மறதி நோய் வரும் என்ற பயமும் ஏறக்குறைய அதே காலத்தில் பிறந்தது. 1965இல் முயல்களின் மூளையில் அலுமினியத்தைச் செலுத்தியபோது நரம்பு செல்களுக்குள் நூல் சிக்கிக்கொண்டதுபோன்ற இழைச் சிக்கல்கள் தோன்றின. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் காணப்படும் சிக்கல்களோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். பிறகு பார்த்தபோது இரண்டும் வேறு வகை என்று தெரிந்தது. மூளைக்குள் நேராகச் செலுத்துவதற்கும் அக்குளில் பூசுவதற்கும் உள்ள தூரத்தை விளக்க வேண்டியதில்லை.

மார்பகப் புற்றுநோய்? வதந்தி 1990களில் மின்னஞ்சலில் சுற்றத் தொடங்கியது. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில், நோய் வந்த 813 பெண்களையும் வராத 793 பெண்களையும் விசாரித்து 2002இல் வெளியிட்ட ஆய்வு, வியர்வைத் தடுப்பானுக்கும் நோய்க்கும் தொடர்பு இல்லை என்றது. சவரம் செய்த உடனே பூசியவர்களிடமும் தொடர்பு தெரியவில்லை. 2017இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரத்திலிருந்து வந்த ஓர் ஆய்வு மாறுபட்டது. நோய் வந்த 209 பேர், வராத 209 பேர். இளம் வயதிலிருந்தே ஒரே நாளில் பல முறை பூசியதாகச் சொன்னவர்கள் நோயாளிகளில் அதிகம் இருந்தார்கள். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பல ஆண்டுகளுக்கு முன் எத்தனை முறை பூசினோம் என்பதை நினைவிலிருந்து சொன்ன கணக்கு அது. நோய் வந்தவர்கள் காரணத்தைத் தேடித் தேடி நினைவை அலசியிருப்பார்கள், வராதவர்களுக்கு அந்த அவசியம் இல்லை. ஒருமுறை, பெரும்பாலும் இரவில் மட்டும் பூசுகிற எனக்கு இந்த ஆய்வு தூக்கத்தைக் கெடுக்கவில்லை. ஒரு நாளில் நான்கைந்து முறை பூசுகிறவர்கள் குறைத்துக்கொண்டால் நல்லது என்றுதான் சொல்வேன், தோலுக்காகவாவது.

மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்கப் போகிற அன்று மட்டும் அக்குளில் எதையும் பூசிக்கொண்டு போகக் கூடாது. அலுமினியத் துகள்கள் எக்ஸ்ரே படத்தில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். தொடக்கநிலைப் புற்றுநோயில் காணப்படும் சுண்ணாம்புப் புள்ளிகளும் அப்படித்தான் இருக்கும். வீண் பீதி, மறுபடியும் ஒரு படம். அண்ணியிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். படிகாரக் கல்லுக்கும் இது பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

கடைசியாகச் சட்டை. வெள்ளைச் சட்டையின் அக்குளில் விழும் மஞ்சள் கறைக்கு அலுமினிய உப்பும் வியர்வையின் புரதமும் கொழுப்பும் சேர்ந்துதான் பொறுப்பு. அதைப் போக்க வீடுகளில் குளோரின் பிளீச்சைத்தான் தேடுகிறார்கள், அது கறையை இன்னும் மஞ்சளாக்கும். துவைப்பதற்கு முன் எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ அரை மணி நேரம் ஊறவிட்டால் அமிலம் அலுமினியத்தைக் கரைத்துவிடும். இஸ்திரி போட்டுச் சூட்டில் இறுகிய பழைய கறையை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. இஸ்திரிக் கடைக்காரர் ஒவ்வொரு முறையும் அதைச் சுட்டிக்காட்டிவிட்டுத்தான் சட்டையை மடிக்கிறார்.